எனக்குக் கோபமே வராது

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு சிந்தனையின் எழுத்து வடிவம்)



சில வாரங்களுக்கு முன் பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கும் குத்தம்பாக்கத்தில் ஒரு வீட்டைச் சந்திக்கப் போயிருந்தோம். செபம் சொல்லி, ஆசீர் கொடுத்து, எழுந்திருக்கும் நேரம். வீட்டின் மூத்த மகள் கையில் செல்போனோடு தயங்கித் தயங்கி நின்றாள். பி.காம். முடித்தவள். அம்பத்தூரில் ஒரு நிறுவனத்தில் கஸ்டமர் கேர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். நேர்காணலுக்குக் கூப்பிடும் முன் ஆன்லைனில் 60 கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். கணக்குக் கேள்வி இல்லை, இலக்கணக் கேள்வி இல்லை. எல்லாம் அவளைப் பற்றியவை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே ஐந்து வட்டங்கள். ஒரு கோடியில் ‘முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்’, மறு கோடியில் ‘கொஞ்சமும் ஒத்துக்கொள்ளவில்லை’.

முதல் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினாள்: எனக்குக் கோபம் வருவதே இல்லை.

அவளுடைய அம்மா சிரித்துவிட்டார். “இவளுக்கா ஃபாதர்? போன வாரம் தண்ணி மோட்டாரைப் போட்டுட்டு நிறுத்தாம போயிட்டான்னு தம்பிய என்ன பேச்சுப் பேசினா தெரியுமா? தெருவே வந்து நின்னுச்சு.”

தம்பி விடவில்லை. “அதையெல்லாம் அங்க சொல்லக் கூடாதும்மா. அக்கா, எல்லாத்துலயும் நல்ல பக்கத்து வட்டத்தையே அமுக்கிட்டுப் போ. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க.”

அவள் சிரிக்கவில்லை. இது அவளுக்கு இரண்டாவது தடவை. முன்பு வேறொரு நிறுவனத்தின் கேள்விகளுக்கு மனத்தில் பட்டதை அப்படியே போட்டிருக்கிறாள். இரண்டே நாளில் ஒரு மின்னஞ்சல்: தற்போது தங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை. காரணம் இல்லை, பெயர் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு தொலைபேசி எண் இல்லை. அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார். முதுகுவலியால் மாதத்தில் பாதி நாள் வண்டி எடுப்பதில்லை. தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். அவள் எங்களிடம் கேட்டது இதுதான்: “உண்மையாப் போட்டா வேலை கிடைக்கல ஃபாதர். பொய்யாப் போட்டா பாவமா?”

உண்மை பேசுவதைப் பற்றிப் பீடத்திலிருந்து எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். அன்று அந்தச் சின்ன வீட்டில் சட்டென்று ஒரு பதிலும் வாயில் வரவில்லை. அதன்பின் யோசித்ததைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில், இந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன? 1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, குண்டுச் சத்தத்தில் மனம் உடைந்துபோகக்கூடிய வீரர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி தேடினார்கள். உட்வொர்த் என்ற உளவியலாளர் ‘ஆம்’, ‘இல்லை’ என்று பதில் சொல்லும் நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகளைத் தொகுத்தார். அது பரவலாகப் பயன்படும் முன்னே போர் முடிந்துவிட்டது, கேள்விகள் முடியவில்லை. 1943-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 500-க்கும் மேற்பட்ட வாக்கியங்கள் கொண்ட ஒரு சோதனை வெளிவந்தது. மனநல மருத்துவமனைக்கு என்று செய்தது, காலப்போக்கில் வேலை கொடுப்பவர்கள் கைக்கும் போனது. பிறகு 1988-ல் அமெரிக்காவில், பெரும்பாலான தனியார் நிறுவனங்கள் பொய் கண்டறியும் கருவியை ஊழியர்கள்மேல் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் வந்தது. கருவி போன இடத்தில் காகிதக் கேள்விகள் வந்து உட்கார்ந்தன. இன்று அந்த வழக்கம் நம் அம்பத்தூர் வரை வந்து, ஒரு பெண்ணின் செல்போன் திரையில் நிற்கிறது.

அந்த மினசோட்டா சோதனையில் ஒரு சங்கதி உண்டு. அதன் வாக்கியங்களில் 15 மட்டும் நோயைக் கண்டுபிடிக்க வைத்தவை அல்ல. தன்னை அளவுக்கு மீறி நல்லவராகக் காட்டிக்கொள்பவரைக் கண்டுபிடிக்க வைத்தவை. எப்போதாவது கோபப்படுவது, எப்போதாவது உண்மையை மறைப்பது, இப்படி மனிதராய்ப் பிறந்த எவரும் ஒத்துக்கொள்ளக்கூடிய சின்னச் சின்னக் குறைகள். அவை ஒன்றுகூடத் தன்னிடம் இல்லை என்று ஒருவர் சொல்லிக்கொண்டே போனால், சோதனை அவரைச் சந்தேகிக்கும். ஒப்புரவு அருளடையாளத்தில் அமர்ந்திருக்கும் குருவுக்குத் தெரிந்த ஒன்றை உளவியலாளர்களும் கண்டுகொண்டிருக்கிறார்கள் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. கோவிலில் நின்று தன் நோன்பையும் காணிக்கையையும் வரிசையாகச் சொன்ன பரிசேயர் எல்லா வாக்கியத்துக்கும் நல்ல பக்கத்து வட்டத்தை அமுக்கியவர். தூரத்தில் நின்ற வரிதண்டுபவர் அந்தப் பக்கம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆகவே தம்பி சொன்ன யோசனை, பாவமா இல்லையா என்பது இருக்கட்டும், புத்திசாலித்தனமும் இல்லை. இப்படிப்பட்ட படிவங்களில் ஒரே கேள்வி வேறு வேறு சொற்களில் திரும்பத் திரும்ப வருவதும் உண்டு. இல்லாத ஒரு ஆளை உருவாக்கியவர், ஐம்பதாவது கேள்வியில் அந்த ஆளுக்கு என்ன குணம் கொடுத்தோம் என்பதை மறந்துவிடுவார்.

ஒரே கேள்வி மூன்று முறை. உங்களில் பலருக்கு இந்நேரம் பேதுரு நினைவுக்கு வந்திருப்பார்.

இறுதி இராவுணவுக்குப் பின், மற்ற எல்லாரும் ஓடிப்போனாலும் நான் ஓடமாட்டேன் என்றவர் அவர். முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்! அன்றிரவே தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில், கரி நெருப்பின் அருகே குளிர்காய்ந்துகொண்டு நின்றபோது அவரிடம் மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் மறுத்தார். ஆண்டவர் உயிர்த்தபின் திபேரியக் கடற்கரையில் இன்னொரு கரி நெருப்பு. யோவான் நற்செய்தியாளர் அந்தக் கரியை இரண்டு இடத்திலும் மறக்காமல் குறிப்பிடுகிறார். அங்கேயும் மூன்று கேள்விகள். ‘இவர்களைவிட நீ என்மேல் மிகுதியாக அன்பு கொண்டிருக்கிறாயா’ என்பது முதல் கேள்வியின் பொருள். கவனியுங்கள், பேதுருவின் பதிலில் ‘இவர்களைவிட’ இல்லை. அன்பு உண்டு என்று மட்டும் சொல்கிறார். உமக்கே தெரியும் என்று விட்டுவிடுகிறார். பழைய பேதுருவாக இருந்தால் கடைசி வட்டத்துக்கே போயிருப்பார். தோற்றுப்போன பேதுரு ஒரு வட்டம் உள்ளே தள்ளி நிற்கிறார். ஆண்டவர் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவரைத் தள்ளிவிடவில்லை. ஆடுகளை அவர் கையில் கொடுத்தார்.

அடுத்து, கேட்பவருக்கு எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டுமா? இல்லை. பொய் சொல்லக் கூடாது என்று கறாராகக் கற்பிக்கும் அதே திருச்சபை, உண்மையை அறிய உரிமை இல்லாதவரிடம் அதை வெளிப்படுத்தும் கடமை எவருக்கும் இல்லை என்றும் தன் மறைக்கல்வி நூலின் 2489-ஆம் பத்தியில் கற்பிக்கிறது. மறைப்பதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல. கலிபோர்னியாவில் ஒரு பெரிய கடை நிறுவனம், காவலாளி வேலைக்கு வந்தவர்களிடம் அவர்களது சமய நம்பிக்கையையும் அந்தரங்க வாழ்க்கையையும் பற்றியெல்லாம் கேட்டது. விண்ணப்பித்தவர்கள் வழக்குப் போட்டார்கள். அந்தக் கேள்விகளுக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைக் காட்டினால்தான் கேட்கலாம் என்ற கருத்தை 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 1993-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. நம் பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எப்போது கல்யாணம், என்ன சாதி, வீட்டில் யாருக்காவது மனநோய் உண்டா என்று கேட்டால், ‘இதற்குப் பதில் சொல்ல விரும்பவில்லை’ என்பதும் நேர்மையான பதில்தான். அதனால் அந்த வேலை போகலாம். போகாது என்று உறுதி சொல்ல நம்மால் முடியாது.

ஆனால் கோபத்தைப் பற்றிய கேள்வி அப்படியல்ல. காதில் ஹெட்செட் மாட்டி, நேரம் ஓடிக்கொண்டிருக்க, பேசுவதெல்லாம் பதிவாக, ஒரு அழைப்பு முடிந்த மறு நொடி அடுத்த அழைப்பு வரும் வேலை அது. கத்துபவரிடம் திருப்பிக் கத்தாமல் இருப்பாயா என்று கேட்க அந்த நிறுவனத்துக்கு நியாயம் உண்டு. கேட்பது அந்தப் பெண்ணுக்கும் நல்லது. எல்லா மனமும் எல்லா வேலைக்கும் ஒத்துவராது.

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வியை எழுதியது யார்? உளவியலாளரா, நிறுவனத்தின் மனிதவளத் துறையா? அன்புக்குரியவர்களே, எழுதியது நாம். கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று கத்தியது நாம். ரீசார்ஜ் செய்த பணம் ஏறவில்லை என்று, முகம் தெரியாத ஒரு பிள்ளையிடம், வீட்டில் யாரிடமும் பேசாத சொற்களைப் பேசியது நாம். ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்த எண்ணை அழுத்துபவர்களும் நாமே. எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். பங்கு அலுவலகத்து இன்டர்நெட் மூன்று நாள் வராதபோது நாங்கள் பேசிய பேச்சும் எங்கோ ஒரு கணினியில் பதிவாகி இருக்கும். நமக்குக் கோபம் வருவதால்தான், உனக்குக் கோபம் வராதே என்று அவளிடம் கேட்கிறார்கள்.

இந்த மறையுரையைக் கேட்கும் முதலாளிகளும் மேலாளர்களும் இருப்பீர்கள். வேலை மனிதருக்காகவே அன்றி மனிதர் வேலைக்காக அல்ல என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-ல் தொழிலைப் பற்றிய தம் சுற்றுமடலில் கற்பித்தார். ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு சட்டம் இயற்றியது. மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, பணியிடத்தில் மனிதரின் உணர்ச்சிகளை இயந்திரம் கொண்டு ஊகிப்பது 2025 பிப்ரவரி முதல் அங்கே தடை செய்யப்பட்டிருக்கிறது. நாம் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு பிள்ளையை வேண்டாம் என்று சொல்லும்போது, ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். ஒரு மனிதப் பெயரைக் கீழே போடுங்கள்.

சரி, குத்தம்பாக்கத்து வீட்டுக்குத் திரும்புவோம். எங்களுக்குத் தோன்றிய ஒன்றைச் சொன்னோம். கோபம் வருமா என்பது ஒரு கேள்வி. வந்த கோபத்தை என்ன செய்வாய் என்பது இன்னொரு கேள்வி. நீ மாலையில் டியூஷன் எடுக்கிறாயே, அந்தப் பிள்ளைகளிடம் கத்துவாயா என்றோம். யோசித்தாள். “கத்த மாட்டேன் ஃபாதர். தம்பிகிட்டதான்.” அப்படியானால் வேலையில் இருக்கும் உன்னை நினைத்துக்கொண்டு பதில் போடு, ஆனால் உன்னையே நினைத்துக்கொண்டு போடு என்றோம். கோபம் வருவதே இல்லை என்ற வாக்கியத்துக்கு அவள் ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நான்காவது வட்டத்தை அமுக்கினாள். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். கோபமாக இருக்கும்போதும் பொறுமையாகப் பேச முடியும் என்று சில கேள்விகள் தள்ளி வந்தது. அதற்கு இரண்டாவது வட்டம், ‘ஒத்துக்கொள்கிறேன்’.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அவள் யோசிக்கவே இல்லை. எல்லாத் தரப்பு மக்களோடும் ஒத்துப்போவேன். “இதுக்கு என்ன ஃபாதர், பிறந்ததுலருந்து இந்தச் சுவர் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் பொதுதானே” என்று சொல்லி முதல் வட்டத்தை அழுத்தினாள். அந்த வீடு சமத்துவபுரத்து வீடு. வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறோம்: 1996-ல் குத்தம்பாக்கம் ஊராட்சித் தலைவரான இளங்கோ, வேதிப் பொறியியல் படித்து, அரசு ஆய்வு நிறுவன வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர். சமத்துவபுரம் கட்டும் திட்டம் இந்த ஊருக்கு வந்தபோது, தனித்தனி வீடுகளாக அல்லாமல் இரட்டை வீடுகளாகக் கட்டலாம் என்றார். ஒரு பாதியில் தலித் குடும்பம், மறு பாதியில் மற்றச் சாதிக் குடும்பம், நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் வைக்கும் மீன் குழம்பு அந்தப் பக்கம் மணக்கும். அந்தப் பக்கத்துக் குழந்தை அழுவது இந்தப் பக்கம் கேட்கும். ஐந்து வட்டங்களில் இதையெல்லாம் எங்கே போடுவது?

60 கேள்விகளும் முடிய ஒரு மணி நேரம் ஆனது. அம்மா டீ போட்டுக் கொடுத்தார். அனுப்பு என்ற பொத்தானை அழுத்தும் முன் அவள் சிலுவை அடையாளம் போட்டாள், தம்பியும் போட்டான்.

இந்தப் பேச்சைப் பதிவு செய்யும் இன்றுவரை அந்த நிறுவனத்திலிருந்து பதில் வரவில்லை. நேற்று மாலை அவளே போன் செய்தாள். திருமழிசைப் பக்கம் வேறொரு நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்களாம். அந்தப் படிவத்தில் 90 கேள்விகள். ஞாயிறு பூசை முடிந்ததும் செல்போனை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.