புதிய ஸ்மார்ட்போன் வாங்குமுன்

(நாக்பூர் அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ஸ்மார்ட்போன் வாங்குவது பற்றிப் பேசுங்கள்" என்று காரியதரிசி கேட்டபோது, நான் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியன், இன்ஜினீயர் அல்லவே என்று தயங்கினேன். "தப்பான போனை வாங்கி அவஸ்தைப்பட்டவர் நீங்கள்தானே!" என்றார். அந்தத் தகுதி எனக்கு நிச்சயமாக உண்டு.

2013-ல், மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், பளபளப்பையும் விலையையும் பார்த்து ஒரு போன் வாங்கினேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். அப்போது என் தாயார் எங்களுடன் இருந்தார். வடு மாங்காய், பருப்புருண்டைக் குழம்பு என்று அவர் சொல்லச் சொல்ல, அவர் குரலிலேயே போனில் பதிந்து வைத்தேன். 2016-ல் அவர் காலமானார். பிறகு அந்தப் போனின் இயங்குதளத்தையே கம்பெனி கைவிட்டது. வாட்ஸ்அப் நின்றது, பாங்க் ஆப் நின்றது. ஒரு நாள் போனும் உயிர் விட்டது. நான் வேறெங்கும் பிரதி எடுத்து வைக்கவில்லை. போனுக்குக் கொடுத்த பணம் போனதில் எனக்கு வருத்தமில்லை. அம்மாவின் குரல் போய்விட்டதே!

இயங்குதளம் என்பது போனுக்குள் எல்லா வேலையையும் நடத்தி வைக்கும் அடிப்படை மென்பொருள். வரன் பார்க்கும்போது போட்டோவோடு நிறுத்திக்கொள்வோமா? குடும்பத்தை விசாரிக்கிறோம் அல்லவா? போனுக்கு அந்தக் குடும்பம் இயங்குதளம்தான்.

பெரிய கம்பெனி என்றால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். நோக்கியா போன்களில் சிம்பியன் கொடிகட்டிப் பறந்தது. 2011 பிப்ரவரியில் நோக்கியா அதை விட்டு விண்டோஸ் போனுக்கு மாறுவதாக அறிவித்தது. அந்த விண்டோஸுக்கும் 2020 ஜனவரியோடு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்தது. பிளாக்பெரியின் பழைய இயங்குதளங்களுக்கான சேவை 2022 ஜனவரி 4-ல் நின்றது. நம் நாட்டிலேயே 2014-ல் ஃபயர்பாக்ஸ் இயங்குதளத்தில் 1,999 ரூபாய்க்கு ஒரு போன் வந்தது. 2015 ஜனவரியில் சாம்சங் தன் டைசன் போனை 5,700 ரூபாய்க்கு இங்கே வெளியிட்டது. இரண்டும் நிலைக்கவில்லை. காரணம் எளிது. வாங்குவோர் குறைவென்றால் ஆப் எழுதுவோர் வரமாட்டார்கள். ஆப் இல்லையென்றால் வாங்குவோர் வரமாட்டார்கள்.

இன்று நம்மில் பெரும்பாலோருக்கு மிஞ்சியிருப்பவை இரண்டே: கூகுளின் ஆண்ட்ராய்டு, ஆப்பிளின் ஐஓஎஸ். எது உசத்தி என்று என்னைக் கேட்காதீர்கள். கடைக்குப் போகுமுன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, எத்தனை வருஷம் பராமரிப்பார்கள்? திருடர்கள் நுழையும் ஓட்டைகளை அடைக்கப் பாதுகாப்பு அப்டேட் வர வேண்டும். ஐபோனுக்கு ஆப்பிளே அனுப்புகிறது. 2015-ல் வந்த ஐபோன் 6எஸ்ஸுக்கு 2021-ல்கூடப் புதிய பதிப்பு கிடைத்தது. ஆண்ட்ராய்டில் கூகுள் கொடுப்பதைப் பெரும்பாலும் போன் கம்பெனி வாங்கித் தன் போனுக்கு ஏற்றபடி அனுப்ப வேண்டும், அங்கேதான் தாமதம். பிக்சல் 8-க்கும், 2024-ல் வந்த கேலக்ஸி எஸ்24-க்கும் 7 வருஷம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். மலிவான போன்களில் இது பெரும்பாலும் குறைவு. நம் பென்ஷன் பணம் யுபிஐ வழியாகப் போகும் காலத்தில், கேமராவைவிட இதுதான் முக்கியம்.

இரண்டாவது, உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பவர் யார்? பெண் பெங்களூரில், பிள்ளை புனாவில். ராத்திரி ஒன்பது மணிக்கு "எழுத்து சின்னதாகிவிட்டதே" என்று போன் செய்தால், அவர்கள் கையிலும் அதே மாதிரிப் போன் இருந்தால் "இங்கே தொடுங்கோப்பா" என்று சொல்லுவார்கள். என் சம்பந்தி மாமி ஐபோனுக்கு மாறியது இந்த ஒரே காரணத்திற்காக. நான் ஆண்ட்ராய்டில் இருப்பதற்கும் இதே காரணம்.

மூன்றாவது, நாளை இதை விட்டுப் போக வேண்டுமென்றால் நம் சாமான்களை எடுத்துப் போக முடியுமா? ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு வாட்ஸ்அப் பேச்சுகளை மாற்ற 2022-லிருந்து வழி இருக்கிறது. புதுப் போனை முதன்முதலில் தயார் செய்யும்போதே அதைச் செய்வது நல்லது. ஒன்றில் காசு கொடுத்து வாங்கிய ஆப் மற்றதில் பொதுவாகச் செல்லாது. யுபிஐயை மறுபடி பதிவு செய்ய, பாங்கில் கொடுத்துள்ள நம்பரின் சிம் புதுப் போனில் இருக்க வேண்டும். எல்லாம் வந்து சேர்ந்ததா என்று பார்க்கும் வரை, பதினைந்து நாளாவது பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது என் தங்கை, அம்மா சொன்னதில் தனக்கு ஞாபகம் இருப்பதைச் சொல்லச் சொல்லப் பதிந்து வருகிறேன். போனில் ஒன்று, பெண்ணின் கம்ப்யூட்டரில் ஒன்று, நோட்டுப் புத்தகத்தில் என் கையெழுத்தில் ஒன்று. குழம்பு வந்துவிடுகிறது, குரல் அம்மாவினுடையது இல்லை.

உங்கள் அகத்துப் பெரியவர்களின் குரலோ போட்டோவோ ஒரே ஒரு போனில் மட்டும் இருக்குமானால், புதுப் போன் வாங்குவது இருக்கட்டும், இன்று ராத்திரியே ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.