சக்கரத்தின் மேல் ஓர் அறை

தலைநகரில் உத்தியோகம் பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில் வீடு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, சர்க்கார் ஒதுக்கீடு செய்த குடியிருப்பு. ஓய்வுபெற்ற சில மாதங்களில் அதன் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மற்றொன்று, ஊரில் இருப்பதாக நாம் சொல்லிக்கொள்ளும் வீடு. அதில் பெரும்பாலும் தம்பியோ, தம்பியின் மக்களோ குடியிருக்கிறார்கள். குடியிருப்பு ஒன்றாவது நிலையாக நிற்கிறதா என்றால் அதுவுமில்லை. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் முதலான ஏழு குடியிருப்புகளை மாற்றிக் கட்டுவதற்கு 2016-இல் மத்திய மந்திரிசபை ஒப்புதல் அளித்தது. நாம் குழந்தைகளைச் சைக்கிள் விடப் பழக்கிய சில தெருக்கள் இன்று இல்லை.

இந்தச் சூழ்நிலையில்தான், சக்கரத்தின் மேல் மரத்தாலான ஓர் அறையை நம் கையாலேயே செய்து பார்த்தால் என்ன என்ற யோசனையை அண்டை வீட்டு அண்ணன் கொண்டுவந்தார். அவர் திண்டுக்கல்காரர், விரைவில் ஓய்வுபெற இருப்பவர். தில்லியிலிருந்து நாகபுரி, ஐதராபாத், பெங்களூர், சேலம் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை திண்டுக்கல்லைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஆகவே, சாவியைக் கொடுத்த அன்றே காரின் பின்னால் அந்த அறையைப் பூட்டிக்கொண்டு, வழியில் தங்கித் தங்கி ஊர் போய்ச் சேரலாம் என்பது அவருடைய கணக்கு. நாமும் அந்தக் கணக்கில் கூட்டாளியானோம்.

இத்தகைய வண்டி ஒன்றும் புதிதன்று. அமெரிக்காவில் 1930-களில் எளிய குடும்பத்தினர் தாமே இதைச் செய்துகொள்ளத் தொடங்கினர். அந்நாட்டின் பாப்புலர் மெக்கானிக்ஸ் பத்திரிகை 1947-இல் இதன் வரைபடத்தை அளவுகளோடு வெளியிட்டது. யுத்தம் முடிந்து மிஞ்சிய அலுமினியத் தகடுகளும் சக்கரங்களும் மலிவாகக் கிடைத்த காலம் அது. முன்புறம் உருண்டு, பின்புறம் சரிந்து இறங்கும் அதன் வடிவத்தைக் கண்டு ஆங்கிலத்தில் அதற்குக் கண்ணீர்த்துளி என்று பெயர் வைத்தார்கள். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு அந்தப் பெயரைத் தமிழில் சொல்ல மனம் ஒப்பவில்லை. பிரயாணம் புறப்படும்போது கண்ணீர் எதற்கு? நீர்த்துளி வண்டி என்று சொல்லிப் பார்த்தோம். அண்ணனின் தாயார் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "மாங்கொட்டை மாதிரி இருக்கிறதே!" என்றார். மாங்கொட்டை வண்டி என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இதன் அளவுக்குக் காரணம் பிளைவுட் பலகை. கடையில் கிடைக்கும் முழுப்பலகை எட்டடி நீளமும் நான்கடி அகலமும் உள்ளது. பக்கச்சுவருக்கு ஒரு பலகை; ஆக இரண்டு சுவர்களுக்கு இரண்டு. உள்ளே இருவர் படுக்கலாம். எழுந்து நிற்க முடியாது. பின்புறத்து மூடியைத் தூக்கினால் அடுக்களை. சமைப்பவர் வெளியே நின்றுதான் சமைக்க வேண்டும். தூங்குவதற்கு மட்டும் உள்ளே, வாழ்வதற்கு வெளியே என்ற இந்த ஏற்பாட்டை நம் கிராமத்துத் திண்ணைகளைக் கண்டவர்கள் உடனே விளங்கிக்கொள்வார்கள்.

மரச்சாமான் கடைகள் நிறைந்த கீர்த்தி நகருக்குச் சென்று பலகை வாங்கினோம். அங்கே ஒரு விஷயம் கற்றோம். ஐ.எஸ். 303 என்ற முத்திரை வீட்டுக்குள் வைக்கும் சாமான்களுக்கான சாதாரண வகை, ஐ.எஸ். 710 என்பது நீரில் நனைந்தாலும் ஒட்டுப் பிரியாத கடல்வகை. விலை வித்தியாசம் கணிசமானது. மழையிலும் வெயிலிலும் நிற்கப் போகும் வண்டிக்கு இரண்டாவதே தக்கது என்று மிஸ்திரி சொன்னார். எந்த வகையாயினும் பலகையின் விளிம்பு வழியாகத்தான் தண்ணீர் ஏறும். ஆகவே அறுத்த இடமெல்லாம் இரண்டு முறை வார்னிஷ் குடிக்க வைக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு விளிம்பை விட்டுவிட்டோம். முதல் மழையிலேயே அது அப்பளம்போல் உப்பியது.

வளைவு போடுவதுதான் இந்த வேலையின் இன்பம். ஆணிகளை அடித்து, மெல்லிய ரீப்பர் ஒன்றை அவற்றின்மேல் வளைத்துப் பிடித்துப் பென்சிலால் கோடு இழுத்தோம். மரம் தானே விரும்பி வளைகிற கோடு கண்ணுக்கும் அழகாக அமைகிறது. கணக்குப் போட்டு வரைந்த கோட்டில் எங்கோ ஒரு முண்டு தட்டுகிறது. ஒரு சுவரை அறுத்து, அதையே அச்சாக வைத்து மறு சுவரை அறுத்தோம். இரண்டையும் இணைக்கக் குறுக்கே ஒன்றரை அங்குலச் சட்டங்கள்; அவற்றின்மேல் மெல்லிய பிளைவுட்டை மெதுவாக வளைத்து ஆணியிட்டால் கூரை. நம் கூண்டு வண்டியிலும் இதே முறைதான். அங்கே மூங்கில் வளையும், மேலே பாய் வேயப்படும்.

தில்லியின் வெயில் 45 டிகிரியைத் தொடும். ஜனவரி இரவில் 4 டிகிரிக்கு இறங்கும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒன்றரை அங்குலத் தெர்மாகோல்தான் காவல். ஆனால் அதைவிட முக்கியம் காற்றுத்துளை. இரண்டு பேர் மூடிய பெட்டிக்குள் மூச்சுவிட்டால் காலையில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். குளிருக்குப் பயந்து உள்ளே கரி அங்கீட்டி வைக்கும் எண்ணம் வரவே கூடாது. மூடிய அறையில் அங்கீட்டி வைத்துத் தூங்கியவர்கள் கரிப்புகையின் விஷவாயுவால் மாண்ட செய்தி தில்லியில் பனிக்காலந்தோறும் வருகிறது. அந்த வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. தூங்குகிறவரை அது எழுப்புவதில்லை.

இனி வண்டியின் உயிர்நிலையான பாரத்துக்கு வருவோம். இரும்புச் சட்டத்தை வெல்டிங் பட்டறையில் செய்துகொண்டோம். அச்சைச் சரியாக நடுவில் வைத்தோம். நடுவில் வைப்பதுதான் நியாயம் என்று நமக்குத் தோன்றியது. பின் மூடிக்கு வேண்டிய கனமான கீலும் தாழ்ப்பாளும் கடையில் மனத்துக்குப் பிடித்தவாறு கிடைக்கவில்லை. திண்டுக்கல்காரருக்குப் பூட்டு, தாழ்ப்பாள் விஷயத்தில் சமாதானம் சொல்ல முடியாதல்லவா? ஆகவே சாலையோரம் உலை வைத்திருந்த ஒரு லோகார் குடும்பத்தை நாடினோம்.

தில்லியில் வசிக்கும் நேயர்கள் இவர்களைப் பார்த்திருப்பீர்கள். பித்தளைத் தகடும் குமிழ் ஆணியும் பதித்த கனத்த மரவண்டி. அருகே துருத்தி, உலை, பட்டடைக்கல். ஆடவன் குறட்டால் பழுத்த இரும்பைப் பிடிக்க, பெண் சம்மட்டியை ஓங்கி அடிப்பாள். காடியா லோகார் என்பது இவர்கள் பெயர். வண்டிக் கொல்லர் என்று தமிழில் சொல்லலாம். 1568-இல் சித்தூர்க் கோட்டை அக்பர் வசமானபோது, மேவார் படைக்கு ஆயுதம் செய்துவந்த தங்கள் முன்னோர் கோட்டைக்குத் திரும்புவதில்லை, கூரையின் கீழ் வாழ்வதில்லை, கட்டிலில் உறங்குவதில்லை, விளக்கேற்றுவதில்லை, கிணற்றில் கயிறு விட்டு நீர் இறைப்பதில்லை என்று விரதம் பூண்டதாக இவர்கள் மரபு கூறுகிறது. 1955 ஏப்ரலில் பிரதமர் நேரு இவர்களை அழைத்துக்கொண்டு சித்தூர்க் கோட்டைக்குள் நுழைந்து, விரதம் நிறைவேறியதென அறிவித்தார். எஸ்.பி. ருஹேலா 1968-இல் இவர்களைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். விரதம் முடிந்தது; வீடு மட்டும் பலருக்குக் கிட்டவில்லை. இன்று தில்லியில் மாடு பூட்டிய வண்டி அரிது. வண்டி ஓரிடத்திலேயே நிற்க, அதன் பக்கத்தில் தார்ப்பாய்க் குடிசையில் குடும்பம் வாழ்கிறது.

நாம் நாடிய குடும்பத்தில் கணவனும் மனைவியும் கீலைப் பொருத்த நம் கொல்லைக்கே வந்தனர். வேலை முடிந்ததும் அந்த அம்மாள் மாங்கொட்டை வண்டியைச் சுற்றி வந்தார். நாம் அடுக்களைப் பெட்டியில் தண்ணீர்ப் பீப்பாயும் அடுப்பும் வைத்து நிரப்பியிருந்தோம். முன்னாலிருந்த இழுவைக் கம்பியை அவர் ஒரு கையால் அலட்சியமாகத் தூக்கிப் பார்த்தார்.

"பாபுஜி, இது பின்பாரம். மாடு கட்டினால் கழுத்து நெரிந்து சாகும்" என்றார்.

அண்ணன் சிரித்துவிட்டார். "அம்மா, இதை இழுக்கப் போவது கார், அதற்குக் கழுத்து ஏது?"

"கழுத்து இல்லாவிட்டால் வால் ஆடும்" என்றார் அந்த அம்மாள்.

நமக்குச் சுருக்கென்றது. சிறுவயதில் நெல் மூட்டை ஏற்றிய வண்டியில் பெரியவர்கள் "முன்பாரமா, பின்பாரமா?" என்று கேட்டு, ஒரு மூட்டையை முன்னே தள்ளிவைப்பதைப் பார்த்திருக்கிறோம். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலே கிளம்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். மோட்டார் சாஸ்திரம் இதையே எண்ணில் சொல்கிறது. இழுக்கப்படும் வண்டியின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு முன்கம்பியில் தங்க வேண்டும். அதற்குக் குறைந்தால், வேகம் ஏற ஏற வண்டி வலமும் இடமும் ஆடி, இழுக்கும் காரையும் புரட்டிவிடும். ஆள் எடை பார்க்கும் பொறியை முன்கம்பியின் கீழ் வைத்துப் பார்த்தோம். மொத்தம் 350 கிலோவில் முன்னே நின்றது 11 கிலோ. அச்சை ஒன்பது அங்குலம் பின்னுக்குத் தள்ளி மீண்டும் வைத்தோம்; 37 கிலோ காட்டியது. அந்த அம்மாள் கை வைத்துப் பார்க்காதிருந்தால் ஆக்ரா போய்ச் சேருமுன்பே இதைக் கற்றிருப்போம், வேறு விதமாக.

வண்டி முடிந்தது. அதைச் சாலையில் இறக்குவது வேறு காரியம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள் இழுவை ஊர்தியையும் அடக்குகிறது. ஆகவே அதற்கும் பதிவு வேண்டும். 1989-ஆம் ஆண்டின் மத்திய விதிகள், வாகனத்தைத் தயாரிப்பவர் அதன் மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தில் காட்டிச் சான்று பெற வேண்டும் என்கின்றன. ஆயிரம் வண்டி செய்யும் தொழிற்சாலையை மனத்தில் வைத்து எழுதிய வாசகம் அது. ஒரே ஒரு வண்டி செய்த அண்ணன் தயாரிப்பாளரா, இல்லையா? கேட்ட இடத்தில் அதற்கான பாரம் இல்லை என்றார்கள். கேரள அரசு 2021-இல் காரவன் சுற்றுலாத் திட்டம் அறிவித்ததை அண்ணன் எடுத்துக்காட்டினார். அது கொல்லையில் செய்த வண்டிக்கு உதவுவதாகத் தெரியவில்லை. விதியின் மேல் நமக்குக் கோபமில்லை. பின்பாரத்தோடு நாம் புறப்பட்டிருக்கக்கூடியவர்கள்தானே? யாரோ ஒருவர் சோதித்துத்தான் அனுப்ப வேண்டும்.

இந்த அலைச்சலுக்கு நடுவே ஒரு நாள் சாலையோரத்து உலை இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அப்புறப்படுத்தும் வண்டிகள் காலையில் வந்ததாகப் பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார். மாற்றிடம் கொடுத்தார்களா என்று விசாரித்தோம். கொடுக்கவில்லை. அதன் காரணத்தைப் பிற்பாடு சட்டப் புத்தகத்தில் பார்த்தோம். 2010-ஆம் ஆண்டின் தில்லி நகர்ப்புறக் குடிசை மேம்பாட்டு வாரியச் சட்டத்தின்படி, குடிசைப் பகுதி என்று கணக்கில் வருவதற்குக் குறைந்தது ஐம்பது குடும்பங்கள் ஓரிடத்தில் இருக்க வேண்டும். மாற்றிடக் கொள்கை அந்த வரையறையின் மேல் நிற்கிறது. வண்டிக் கொல்லர்களோ பத்து, பதினைந்து குடும்பங்களாகவே ஓரிடத்தில் தங்குபவர்கள். அதற்குமேல் ஒரே சாலையில் வேலை கிடைக்காது. குறைந்தது ஐம்பது என்பதுபோன்ற தொடரை அலுவலகத்தில் எத்தனையோ முறை மொழிபெயர்த்துக் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறோம். நாற்பத்தொன்பதாவது குடும்பம் எங்கே போகும் என்று ஒரு முறையும் யோசித்ததில்லை.

நமது மாங்கொட்டை வண்டிக்குப் பதிவு இல்லாததால் அது கொல்லையில் செங்கல்லின் மேல் நிற்கிறது. அவர்கள் வண்டிக்குப் பதிவே தேவையில்லை. ஆனால் அது நிற்பதற்கு இடம் இல்லை.

இரண்டு மாதம் கழித்து, நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மேம்பாலத்தின் கீழ் பித்தளைக் குமிழ்கள் வெயிலில் மின்னுவதைப் பஸ்ஸிலிருந்து கண்டு இறங்கினோம். அதே குடும்பம். கூட இருந்த குடும்பங்கள் மூன்றாகப் பிரிந்து மூன்று சாலைகளுக்குப் போயிருந்தன. பிள்ளையின் பள்ளிக்கூடம் தூரமாகிவிட்டது; இப்போதைக்குப் போகவில்லை என்றார் அந்த அம்மாள். பிறகு, "வண்டி எப்படி இருக்கிறது, பாபுஜி?" என்று விசாரித்தார். முன்பாரம் 37 கிலோ என்றோம். எண் அவருக்குப் பொருட்டில்லை, கையை உயர்த்தித் தாழ்த்தி, "இவ்வளவு கனக்கிறதா?" என்று கேட்டார். கனக்கிறது என்றோம்.

பிள்ளையின் பள்ளி மாற்றத்துக்கு மனு எழுதி, மறுநாள் அண்ணனோடு சென்று கொடுத்தோம். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. சோதனை நிலையத்துக்கு எழுதிய கடிதத்துக்கும் வரவில்லை. இந்த மழைக்காலத்தில் மாங்கொட்டை வண்டியின் மற்ற இடங்களில் இரண்டொரு ஒழுக்கு கண்டது. அவர்கள் அடித்துப் பொருத்திய கீலின் வழியாக ஒரு சொட்டும் இறங்கவில்லை.