மோட்டார் வண்டியின் காய்ச்சல்



காய்ச்சல் நோயன்று, நோயின் அறிகுறியே என்பர் மருத்துவர். மோட்டார் வண்டியின் இயந்திரம் கொதிப்பதும் அத்தகையதே. கொதிக்கிறது என்று கண்டுவிட்டால் போதாது. எப்பொழுது கொதிக்கிறது, எப்பொழுது தணிகிறது என்று கேட்டறிதல் வேண்டும். அவ்வாறு கேட்கும் முறையைப் பற்றி இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

எரியும் எண்ணெய் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை ஓட்டும் வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை இயந்திரத்தைச் சூழ்ந்தோடும் நீர் ஏற்றுக்கொள்கிறது. அந்நீரைப் பம்பு சுழலச் செய்கிறது. தெர்மோஸ்டாட் என்னும் தடுக்கிதழ், ஏறக்குறைய 80 பாகை செல்சியசில் திறந்து, நீரை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அங்குள்ள மெல்லிய குழாய்களின் ஊடே பாயும் காற்று நீரைக் குளிர்விக்கிறது. ஆகவே, நீரோட்டம், காற்றோட்டம் என ஓட்டங்கள் இரண்டு. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் வெப்பம் மிகும்.

வண்டியைச் செய்தவர் இவ்விரண்டையும் இயந்திரத்தின் ஆற்றலுக்கு ஏற்ப அளந்தே அமைத்திருப்பார். இயந்திரத்தை மாற்றும்போது அவ்வளவு குலைகிறது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் அமைப்பைத் தழுவி, மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசடர் காரை நீங்கள் அறிவீர்கள். டீசலின் விலை பெட்ரோலினும் மிகக் குறைந்திருந்த நாளில், வாடகைக் கார் வைத்திருந்தோர் பலர் அதன் பெட்ரோல் இயந்திரத்தை எடுத்துவிட்டு டீசல் இயந்திரத்தைப் பொருத்திக்கொண்டனர்.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் உள்ள எங்கள் வளவனூரில் அத்தகைய வண்டி ஒன்று இருந்தது. திருமண வாடகையே அதன் உரிமையாளருக்குப் பிழைப்பு. மணமக்கள் அமர்ந்திருக்க, முன்புறம் ஆவி கிளம்பினால் அடுத்த முகூர்த்தத்திற்கு அவரை யார் அழைப்பார்? பிறர் சொல்லக் கேட்டு ரேடியேட்டரை மாற்றினார். பின்னர்ப் பம்பையும் மாற்றினார். பணம் போயிற்று, கொதிப்பு போகவில்லை.

அவர் என்னிடம் கூறியபோது, முதலில் முள் காட்டுவது மெய்தானா என்று பார்த்தோம். பழைய வண்டியின் மானியும் புதிய இயந்திரத்தின் உணர்கருவியும் பொருந்தாவிடில் முள் பொய் சொல்லக்கூடும் அன்றோ? இயந்திரம் குளிர்ந்திருக்கையில் மூடியைத் திறந்து, வெப்பமானியை நீரில் இட்டு, பின்பு இயக்கினோம். முள் மெய்யே கூறியது.

அடுத்து, "எப்பொழுது கொதிக்கிறது?" என்று கேட்டேன். "புதுச்சேரிச் சாலையில் விரைந்து போகையில் ஒன்றுமில்லை, ஐயா. விழுப்புரம் கடைத்தெருவில் நெரிசலில் நின்றால்தான் ஏறுகிறது" என்றார். விடையில் பாதி அதிலேயே இருந்தது. விரைந்து செல்கையில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கையில் விசிறி ஒன்றே துணை. ஆகவே, குறை காற்றோட்டத்தில் இருத்தல் வேண்டும். இயந்திரம் ஓடும்போது ரேடியேட்டரின் முன்புறம் ஒரு தாளை வைத்துப் பார்த்தோம். நடுவில் ஒட்டியது, மூலைகளில் ஒட்டாது விழுந்தது. புதிய இயந்திரம் நீளத்தில் குறைந்ததாதலால், விசிறி ரேடியேட்டரிலிருந்து ஒரு சாண் விலகி நின்றது. அவ்விடைவெளியைச் சூழ்ந்து மறைக்கும் தகட்டுக் கூண்டும் இல்லை. விசிறி தன்னைச் சுற்றியிருந்த வெங்காற்றையே சுழற்றிக்கொண்டிருந்தது! தகர வேலை செய்பவர் ஒருவர் கூண்டு செய்து பொருத்தினார். அதன்பின் மண்டப வாயிலில் எத்துணை நேரம் நின்றாலும் முள் ஏறவில்லை.

விடை வேறாக இருந்திருப்பின் வழியும் வேறாகும். நிற்கையில் தணிந்து, விரைவில் கொதித்தால், புதிய இயந்திரத்திற்கு ரேடியேட்டர் போதாதிருக்கலாம். அல்லது கிணற்று நீரின் உப்புப் படிந்து குழாய்கள் அடைபட்டிருக்கலாம். குளிர்ந்த இயந்திரத்தை இயக்கியவுடனேயே நீரில் குமிழிகள் ஓயாது எழுந்தால், ஹெட் கேஸ்கட் பழுதுற்று எரிவாயு நீரில் கலக்கிறதோ என ஐயுறல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறவாதீர்கள். உள்ளே அழுத்தம் மிகுந்திருப்பதால் நீர் 100 பாகையைக் கடந்தும் கொதியாதிருக்கும். மூடி திறந்து அழுத்தம் குறைந்த கணமே அது ஆவியாய்ச் சீறி முகத்தையும் கையையும் வெந்துபோகச் செய்யும். மேலும், பதிவு அதிகாரியின் ஒப்புதலின்றி வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டம் தடுக்கிறது என்பதையும் நினைவிற் கொள்க.

கணக்கில் தவறும் மாணவனை அடிப்பதால் கணக்கு வாராது; எந்தப் படியில் தவறினான் என்று காணும் ஆசிரியரே அவனுக்குக் கற்பிக்க வல்லவர். இயந்திரமும் அம்மாணவனைப் போன்றதே. உறுப்பை மாற்றுமுன் காரணத்தை நாடுங்கள். தாள் ஒன்றும், பொறுமையான வினா ஒன்றும் பல நேரங்களில் பெரும் பொருட்செலவைத் தவிர்க்கும்.