வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும்

 

மஹல்லாவில் ஒருவருக்கு நீரிழிவு என்று தெரிய வந்தால், "இனிப்பு அதிகம் சாப்பிடுவாரோ?" என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். "ஆள் ஒல்லிதானே, அவருக்கு எப்படி வந்தது?" என்பது அடுத்த கேள்வி. இரண்டுக்குமே விடையின் பெரும்பகுதி வயிற்றுக் கொழுப்பில் இருக்கிறது.

கொழுப்பை உடலில் சும்மா கிடக்கும் சுமையென்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அது உயிருள்ள திசு. தேவைக்கு மேல் உண்பதைச் சேமித்துச் சேமித்துக் கொழுப்பணுக்கள் ஊதிப் பெருக்கின்றன. ஒரு கட்டத்தில் பிராணவாயு போதாமல் சில மடிகின்றன. அவற்றை அகற்ற இரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து வீங்குகிறதல்லவா? அந்த அழற்சியின் இனமே இதுவும். முள்ளை எடுத்தால் கால் ஆறிவிடும். வயிற்றுக் கொழுப்பிலோ முள் எடுக்கப்படுவதில்லை. வலியும் இல்லாததால் ஆண்டுக்கணக்கில் நாம் அறிவதுமில்லை. அங்கே சுரக்கும் பொருட்கள், இன்சுலினின் கட்டளையைத் தசையும் கல்லீரலும் ஏற்காதவாறு தடுக்கின்றன. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. அது தளரும்போது இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடுகிறது. அத்தகைய பொருள் ஒன்றை, பருத்த எலிகளின் கொழுப்பில் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 1993-இல் கண்டனர்.

நம் ஊரிலும் இது ஆராயப்பட்டுள்ளது. கோபாலபுரத்தில் டாக்டர் வி. மோகன் அவர்களின் குழுவினர் சென்னைவாசிகளிடம் நடத்திய ஆய்வை 2005-இல் வெளியிட்டனர். அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் நீரிழிவு உள்ளோரிடம் கூடுதலாக இருந்தது. உடற்கொழுப்போடும் அது தொடர்புற்றிருந்தது. சென்னையில் 1989-இல் வயது வந்தோரில் நூற்றுக்கு 8 பேருக்கு இருந்த இந்நோய், 2004-இல் 14 பேருக்கு இருந்தது.

இனி ஒல்லியானவரின் கதை. நம் நாட்டவர் கைகால் மெலிந்திருந்தும் வயிற்றில் கொழுப்பு சேர்க்கும் வாகுடையவர்கள். ஆகவே எடையை மட்டும் பார்த்தால் போதாது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டினாலே எச்சரிக்கை. நாமும் அளந்து பார்த்தோம். ஜுப்பா மறைத்திருந்ததை நாடா மறைக்கவில்லை!

"எல்லாம் தக்தீர்" என்று கைவிரிப்போர் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் அவர்களின் குழுவினர், நோயின் விளிம்பில் நின்ற 531 பேரைத் தேர்ந்து நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. வழக்கம்போல் வாழ்ந்தோரில் நூற்றுக்கு 55 பேர் மூன்றாண்டுகளில் நோயாளிகளாயினர். உணவைத் திருத்தி, நாள்தோறும் அரை மணி நேரமாவது விரைந்து நடக்கும்படி அறிவுறுத்தப்பட்டோரில் அது 39 பேர்தான்.

வயிற்றை மூன்றாகப் பகுத்து, ஒரு பங்கை மூச்சுக்கு விடச் சொன்ன நபிமொழியை மிம்பரில் பலமுறை ஓதியிருக்கிறோம். வலீமா சஹனில் அந்த மூன்றாம் பங்கு எங்கே போகிறதோ தெரியவில்லை. பிரியாணி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. இரண்டாம் முறை பரிமாற வருபவரிடம் கையமர்த்துவது சுன்னத்துக்கு மாறானதன்று.

ஃபஜ்ருக்குப் பின் மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவிலும் தியாகராய நகர் நடேசன் பூங்காவிலும் நடப்போரில் நம்மவர் சிலரைக் காண்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். அவர்கள் தம் வீட்டுப் பெண்களையும் உடன் அழைத்துச் செல்லட்டும். அடுப்படியில் நிற்பது நடை ஆகாது.