நிய்யத்துக்கு ஒரு நேரம் வேண்டும்





ரமழானில் ஒரு காட்சியை நீங்கள் கண்டிருப்பீர்கள். பகல் முழுவதும் சிகரெட்டைத் தொடாதிருந்த வாலிபர், நோன்பு திறந்து தேநீர் அருந்தியதும் அதைப் பற்றவைக்கிறார். "இந்த வருடத்தோடு விட்டுவிடுவேன்" என்று உறுதி பூண்டவர்தான் அவர். தந்தையோ, "உனக்கு ஈமான் போதாது" என்று கடிந்துகொள்கிறார். மகன் வெட்கமுற்று, கொழும்புத்துறை இறங்குதுறைப் பக்கம் ஒதுங்கிப் புகைக்கிறார். வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது; பழக்கம் நிற்கவில்லை.

தவறு எங்கே இருக்கிறது? பகலில் அவரைக் காத்தது நிய்யத் மாத்திரமன்று. ஸுபஹ், மஃரிப் என்ற திட்டமான எல்லையும் காத்தது. இரவுக்கு அப்படியோர் எல்லையை அவர் வகுக்கவில்லை. தேநீர்க் கோப்பையைக் கண்டதும் கை தானாகவே சிகரெட்டைத் தேடிற்று.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரிடம் நடத்திய ஆய்வு 2009 இல் வெளிவந்தது. காலை உணவுக்குப் பின் என்பதுபோல், நாளாந்தம் ஒரே வேளையோடு இணைத்து ஒரு புதிய நற்செயலைச் செய்யுமாறு அவர்கள் கேட்கப்பட்டார்கள். அது பழக்கமாக ஊன்றுவதற்குச் சிலருக்கு 18 நாட்களும், சிலருக்கு 254 நாட்களும் ஆகுமெனக் கணிக்கப்பட்டது. நடுத்தர அளவு 66 நாட்கள். இடையில் ஒருநாள் தவறியதால் முயற்சி பாழாகிவிடவில்லை என்பதும் தெரியவந்தது.

சிந்தித்துப் பாருங்கள்! ரமழான் 29 அல்லது 30 நாட்களே. பெருநாளன்று பாதி வழியில்தான் நிற்கிறோம். சிறிதாயினும் நிரந்தரமாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்ததன் ஆழம் இங்கே விளங்குகிறது.

ஆகவே, இளைஞரே, "விட்டுவிடுவேன்" என்பதோடு நின்றுவிடாதீர்கள். "தேநீர்க் கோப்பையை வைத்ததும் வுழூச் செய்து பள்ளிவாசலுக்கு நடப்பேன்" என்று தீர்மானியுங்கள். பெருநாளுக்குப் பின்னும் அதையே தொடருங்கள். நிகொட்டின் உடலைப் பற்றியிருப்பதால் ஆரம்ப நாட்களில் எரிச்சலும் தூக்கமின்மையும் வரலாம். வைத்தியரின் உதவியை நாட வெட்கப்படாதீர்கள். ஒருநாள் தவறினால் மறுநாளே தொடங்குங்கள்.

தந்தையரே, தவறிய அன்று மகனின் ஈமானை அளக்காதீர்கள். தேநீர் முடிந்ததும் நீங்களே எழுந்து, "வா மகன், சேர்ந்து போவோம்" என்று அழையுங்கள். தனியே ஒதுங்கும் பிள்ளைக்கு அந்த அழைப்பே பெரிய துணையாகும்.

நம் நிய்யத்துக்களை நிலைபெறச் செய்ய அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.