காலப் பெயர்களும் ஆய்வாளரின் பொறுப்பும்

 

வரலாற்றுக் காலங்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்களைப் பற்றிப் பேச இந்த மாநாட்டில் கூடியிருக்கிறோம். மிடீவல், ரெனைசான்ஸ், விக்டோரியன், நியோலித்திக், ஏர்லி மாடர்ன் முதலிய சொற்கள் நம் ஆய்வேடுகளில் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. ஒவ்வொரு பெயரும் முன்னோர் வாழ்ந்த காலத்தைப் பற்றிப் பின்னோர் எழுதிய தீர்ப்பு. அதை எழுதியவர் யார், எந்த நிலப்பகுதியைப் பார்த்து எழுதினார், எந்தச் சான்றை வைத்து எழுதினார் என்று அறிந்த பிறகே நாம் அதைக் கையாள வேண்டும். நான் இன்று வலியுறுத்த வந்தது இதைத்தான்.

முதலில் பொதுச்சொற்கள். ஏஜ், எரா, பீரியட், எபோக் ஆகிய நான்கையும் நாம் மாற்றி மாற்றி எழுதுகிறோம். நிலவியலாளர்களிடம் இவற்றுக்குக் கண்டிப்பான படிநிலை உண்டு. இயான் என்ற பேரளவுக்குள் எரா, அதற்குள் பீரியட், அதற்குள் எபோக், அதற்குள் ஏஜ். புதிதாக ஒன்றைச் சேர்க்க வாக்கெடுப்பே நடக்கும். ஆந்த்ரோபோசீன் என்ற எபோக்கை ஏற்கும் முன்மொழிவு 2024இல் அப்படித்தான் தோற்றது. வரலாற்றுத் துறைக்கு அத்தகைய மன்றம் இல்லை. ஆயினும் வழக்கில் நுட்பமான வேறுபாடு நிலவுகிறது. பீரியட் என்பது தொடக்கமும் முடிவும் குறித்த நடுநிலைச் சொல். ஏஜ் ஓர் ஆளுமையையோ ஒரு தன்மையையோ முன்னிறுத்தும். எபோக் திருப்புமுனையின் கனத்தைத் தாங்கும். எரா ஆண்டுக்கணக்கோடு தொடர்புடையது, கி.பி. 78இல் தொடங்கும் சக ஆண்டை சக எரா என்பது அந்தப் பொருளில்தான்.

இனி மிடில் ஏஜஸ். ரோமின் வீழ்ச்சிக்குப் பிந்திய நூற்றாண்டுகளை இருளாகக் கண்டவர் 14ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க். பண்டைக் காலம், இடைக்காலம், புதிய காலம் என்ற முப்பிரிவைப் பாடநூல்களில் நிலைநிறுத்தியவர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஜெர்மானியப் பேராசிரியர் செல்லாரியஸ். அவருடைய இடைக்காலம் கான்ஸ்டன்டைன் பேரரசரில் தொடங்கி, 1453இல் கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ந்ததோடு முடிகிறது. இரண்டு எல்லைகளும் ரோமப் பேரரசைச் சார்ந்தவை. 'இடை' என்ற அடைமொழியே அந்த ஆயிரம் ஆண்டுகளை இரண்டு பெருங்காலங்களுக்கு நடுவிலான காத்திருப்பாக ஆக்கிவிட்டது. டார்க் ஏஜஸ் என்பது அதைவிடக் கடுமையான தீர்ப்பு. வரலாற்றாசிரியர் பீட்டர் பிரவுன் 1971இல் வெளியிட்ட நூலில் கி.பி. 150 முதல் 750 வரையிலான காலத்தை லேட் ஆன்டிக்விட்டி என்ற பெயரில் ஆராய்ந்தார். வீழ்ச்சியும் இருளும் மட்டுமே தெரிந்த இடத்தில் புதிய சமயங்களும் புதிய சமூக உறவுகளும் தெரிந்தன. பெயரை மாற்றியதும் ஆய்வாளரின் கேள்விகளும் மாறின.

மறுமலர்ச்சி என்று நாம் சொல்லும் ரெனைசான்ஸ் என்ற சொல்லுக்கு 1860இல் வரலாற்றாசிரியர் புர்க்ஹார்ட் எழுதிய நூல் பெரும் செல்வாக்கைத் தந்தது. ஹாஸ்கின்ஸ் 1927இல் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கும் ஒரு மறுமலர்ச்சி உண்டு என்று நூலெழுதினார். பெண்களுக்கு மறுமலர்ச்சி இருந்ததா என்று ஜோன் கெல்லி 1977இல் கேட்டார். ஆண்களுக்கு வாய்ப்புகள் விரிந்த அதே நூற்றாண்டுகளில் பெண்களின் உரிமைகள் சுருங்கின என்று வாதிட்டார். ஒரு காலப் பெயரைக் கண்டதும் 'இது யாருடைய காலம்?' என்று கேட்க நமக்குக் கற்றுத்தந்த கட்டுரை அது.

அரசர் பெயரால் அமைந்த காலங்கள் துல்லியமானவை என்று தோன்றும். விக்டோரியன் என்றால் 1837 முதல் 1901 வரை. ஆனால் அச்சொல் இன்று ஒழுக்க நெறி, கட்டடப் பாணி, நாவல் வடிவம் என்று பலவற்றுக்கும் அடைமொழியாகி, விக்டோரியா அரசியின் ஆட்சிக்கு உட்படாத அமெரிக்காவுக்கும் போய்விட்டது. எட்வர்டியன் 1910இல் முடிய வேண்டியது. முதல் உலகப்போரை மனத்தில் கொண்டு பலர் 1914 வரை நீட்டுகிறார்கள். டியூடர் என்ற பெயரோ அம்மன்னர்கள் ஆண்ட 16ஆம் நூற்றாண்டில் அரிதாகவே வழங்கியது என்று ஆக்ஸ்போர்டு வரலாற்றாசிரியர் கிளிஃப் டேவிஸ் எடுத்துக்காட்டினார்.

இப்பெயர்கள் கடல் கடந்து வந்தபோது நேர்ந்ததுதான் நமக்கு மிக நெருக்கமான செய்தி. இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராத ஜேம்ஸ் மில், 1817இல் வெளியான தம் நூலில் நம் வரலாற்றை ஆள்வோரின் சமயத்தை வைத்துப் பகுத்தார். இந்து, முஸ்லிம், பிரிட்டிஷ் என்று நிலைத்த அந்தப் பகுப்பு பின்னர் ஏன்ஷியன்ட், மிடீவல், மாடர்ன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பல பாடநூல்களில் எல்லைகள் அப்படியே நின்றன. டெல்லி சுல்தானகம் தோன்றிய 1206ஐ எல்லையாகக் கொண்டால், 1178 முதல் 1218 வரை ஆண்ட மூன்றாம் குலோத்துங்கனின் ஆட்சி இரண்டாகப் பிளவுபடும். திருபுவனத்தில் கோயில் எழுப்பிய அந்தச் சோழனின் நாட்டில் 1206இல் ஊர்ச்சபை மாறியதா, நிலவுரிமை மாறியதா? கல்வெட்டுகளைப் படிக்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமா அந்த வழியில்தான் சென்றார். சோழர் காலத்தை 985, 1070, 1178 ஆகிய ஆண்டுகளை ஒட்டி நான்காகப் பகுத்துக்கொண்டு நில உறவுகளின் மாற்றத்தைப் பின்தொடர்ந்தார்.

தொல்லியலைப் பாருங்கள். ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்தது 1863 மே 30ஆம் நாள். பழைய கற்காலத்தைக் குறிக்கும் பேலியோலித்திக் என்ற சொல்லை ஜான் லப்பக் உருவாக்கியது 1865இல். கல், வெண்கலம், இரும்பு என்ற வரிசையோ கோபன்ஹேகன் அருங்காட்சியகப் பொருள்களை அடுக்கிய தாம்சன் வகுத்தது. டென்மார்க்குக்குப் பொருந்திய அந்த வரிசை தென்னிந்தியாவுக்குப் பொருந்தவில்லை. இங்கே புதிய கற்காலத்தை அடுத்துத் தனித்த வெண்கலக் காலம் இல்லாமல் இரும்புக் காலம் வருகிறது. மயிலாடும்பாறை இரும்புக்குப் பொ.ஆ.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. சிவகளையில் அது பொ.ஆ.மு. 3345 வரை செல்வதாக 2025 ஜனவரியில் வெளியான தமிழக அரசின் அறிக்கை கூறுகிறது. இவற்றை ஏற்றால், சிந்துவெளி வெண்கலக் காலத்தில் இருந்தபோதே தாமிரபரணிக் கரை இரும்புக் காலத்தில் இருந்திருக்கிறது. ஆகவே இரும்புக் காலம் என்று மட்டும் எழுதுவது ஆண்டைச் சொன்னதாகாது.

களப்பிரர் காலத்துக்கு இருண்ட காலம் என்று பெயரிட்டதும் ஐரோப்பிய நூல்களில் பழகிய சொல்லால்தான். ஐந்தாம் நூற்றாண்டு என்று பலரும் கருதும் பூலாங்குறிச்சிக் கல்வெட்டு மீயாட்சி, காராண்கிழமை என்று நில உரிமைகளைப் பிரித்துப் பேசுகிறது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்கள் பலவற்றை அறிஞர்கள் அக்காலத்தில் வைக்கிறார்கள். சான்று குறைவாகக் கிடைத்திருப்பது நம் அறிவின் நிலை. அதை அம்மக்களின் வாழ்க்கைமேல் ஏற்றுவது நேர்மையாகாது.

கட்டுரையாளர்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒரு காலப் பெயரை முதன்முறை பயன்படுத்தும்போது ஆண்டு எல்லையையும் நிலப்பகுதியையும் உடன் தாருங்கள். ஆட்சி, தொழில்நுட்பம், நிலவுரிமை, இலக்கியம் இவற்றில் எதை அளவுகோலாகக் கொண்டீர்கள் என்று சொல்லுங்கள். அப்பெயர் உங்கள் சான்றுக்குப் பொருந்தாவிட்டால் சான்றின் பக்கம் நில்லுங்கள். பெயரைத் திருத்தத் தயங்காதீர்கள். ஆங்கிலப் பெயர்களை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. உலக ஆய்வாளர்களோடு பேச அவை தேவை. மாணவருக்குப் பாடம் சொல்லவும் தேவை. இங்கு கிடைத்த சான்றுகளால் அவற்றைச் சோதிப்பது நம் கடமை. அச்சோதனையின் முடிவு ஐரோப்பிய வரலாற்றைப் படிப்போருக்கும் பயன்படும்.

முதல் அமர்வு இரும்புக் காலக் கணிப்புகளைப் பற்றியது. கடுமையாக விவாதியுங்கள், சான்றோடு விவாதியுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இம்மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.