அயல்நிலமும் கருப்பொருளும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் தளராது கூடிவருதல் எளிதன்று. இந்நன்னாளில் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள போட்ஸ்வானா நாட்டைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன். அங்கே தொண்டாற்றச் செல்லும் வேற்றுநாட்டார், பழகாத விலங்குகளோடும் வழக்கங்களோடும் இணங்கும் முறை கவிஞர்க்கும் பயன்படும் பாடம் என்பது என் கருத்து.

தொண்டர் முதலில் கற்பது எச்சரிக்கை. காலணியை உதறிய பின்னரே அணிதல் வேண்டும். உள்ளே தேள் இருக்கலாம். முன்னிடுக்கி மெலிந்து வால் பருத்த தேளுக்கு நஞ்சு மிகுதி. பஃப் ஆடர் என்னும் விரியன் காலடி ஓசைக்கு விலகாது. சருகின் நிறத்தோடு ஒன்றிக் கிடக்கும். ஆகவே இரவில் கைவிளக்கின்றி நடத்தலாகாது.

அடுத்துக் கற்பது வழக்கம். வணக்கம் கூறாமல் எவரிடமும் எதனையும் வினவுதல் பண்பன்று. ஆடவரை ‘டுமேலா ர்ரா’ என்றும் பெண்டிரை ‘டுமேலா ம்மா’ என்றும் விளிப்பர். அந்த ‘ம்மா’ தாயைக் குறிப்பது. தமிழ்ச் செவிக்கு அயற்சொல்லாகவே படாது. நலம் கேட்கும் ‘ஓ காய்?’ என்பதற்கு நேர்பொருள் ‘எங்கிருக்கிறாய்?’ என்பதே. ‘கே டெங்’ என்னும் விடை ‘இங்கிருக்கிறேன்’ எனப் பொருள்படும். உடலால் வந்துவிட்ட தொண்டர் உள்ளத்தாலும் வந்துவிட்டாரா என்று நாள்தோறும் கேட்பதுபோல் அவ்வினா அமைந்துவிடுகிறது.

விலங்கும் வழக்கமும் அங்கே இருவேறு பாடங்கள் அல்ல. ஒருவர் குலத்தை அறிய ‘எதனை ஆடுகிறாய்?’ என்று கேட்பது பழைய மரபு. குவேனா மக்களுக்கு முதலை குலச்சின்னம். கட்லா மக்களுக்குக் குரங்கு. ங்வாட்டோ மக்களுக்கு டைக்கர் என்னும் சிறுமான். பகைவருக்கு அஞ்சிப் புதரில் ஒளிந்த முன்னோன் ஒருவனை, அங்கே நின்ற சிறுமானே காத்தது என்பது அவர்தம் கதை. மான் அமைதியாக நிற்கும் இடத்தில் மனிதன் இரான் என்று பகைவர் கடந்து சென்றனராம். தன் குலவிலங்கைக் கொல்லாமையும் உண்ணாமையும் மரபு.

உணவும் அவ்வாறே. மோபானி மரத்தின் இலையைத் தின்று வளரும் ஒருவகை அந்துப்பூச்சியின் புழுவைப் பெண்கள் திரட்டி, குடலைப் பிதுக்கி நீக்கி, உப்புநீரில் அவித்து, வெயிலில் உலர்த்துவர். அது வீட்டுக்கு உணவு, சந்தைக்குச் சரக்கு. அந்நாட்டு 5 பூலா நாணயத்திலும் அப்புழு இடம்பெற்றுள்ளது. முகஞ்சுளிக்கும் புதியவர் ஒரு குடும்பத்தின் உழைப்பைக் கண்டே சுளிக்கிறார்.

உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என ஒருங்கே வைத்தார் தொல்காப்பியர். ஒன்றைப் பிரித்தெடுத்து வியந்தால் நிலம் புலப்படாது. யானையை எண்ணிப் பாருங்கள். சுமார் 23 லட்சம் மக்கள் வாழும் அந்நாட்டில், 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 1,30,000 யானைகள் உள்ளன. பயணிக்கு அது காட்சி. ஓராண்டுச் சோளத்தை ஓரிரவில் இழக்கும் உழவருக்கு அதுவே வாழ்வின் கேள்வி. சிலர் மிளகாயை யானைச் சாணத்தோடு கலந்து எரித்து, அப்புகையால் யானைகளை அகற்றுகின்றனர். 2014இல் வேட்டை தடை செய்யப்பட்டது. 2019இல் அத்தடை நீங்கியது. அயலார் பலர் கண்டித்தனர். கண்டிப்பதற்கும் ஆதரிப்பதற்கும் முன், ஊர்ப்பொதுமன்றமாகிய கொட்லாவில் அமர்ந்து உழவரின் சொல்லைக் கேட்பதே தொண்டருக்கு அழகு.

அவ்வாறு கேட்டவர் பெஸ்ஸி ஹெட். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, 1964இல் ஆசிரியராகச் செரோவே ஊருக்கு வந்தார். குடியுரிமை கிட்டியது 1979இல்தான். அவ்விடைக்காலத்தில் அவ்வூர் மாந்தரின் வாய்மொழிகளைத் தொகுத்து நூலாக்கினார். அது 1981இல் வெளிவந்தது. அயலாராக நடத்தப்பட்டவரே அவ்வூரின் குரலானார்.

நண்பர்களே, காணாத விலங்கைப் படிமமாக்குவது எளிது. அதனோடு வாழ்பவரின் அச்சத்தையும் பசியையும் உறவையும் கேட்டறிந்து எழுதும்போதுதான் சொல்லுக்கு நிலம் வாய்க்கிறது. தொண்டுக்கும் அதுவே விதி.

போட்ஸ்வானாவில் உரையை முடிப்போர் ‘பூலா!’ என்று முழங்குவர். மழை என்பது பொருள். 1976 முதல் அந்நாட்டு நாணயத்தின் பெயரும் அதுவே. வறண்ட நிலம் தந்த அவ்வாழ்த்தையே இவ்வட்டத்துக்கும் கூறி அமைகிறேன்: பூலா!